ஓர் எண்ணும் இரண்டு பிள்ளைகளும்



பிள்ளைகள் ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வந்து வாசலில் பரப்பி விளையாடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவற்றில் 12 கொட்டைகளை எடுத்து மூன்று நிரையாக வைத்தால், நிரைக்கு நான்கு வரும். 13 கொட்டைகளை எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு நிரை, மூன்று நிரை என்று எப்படி வைத்தாலும் சமமாக அமையாது. ஒரே நிரையாகத்தான் நீட்டி வைக்கலாம். இப்படிச் சமமாகப் பிரியும் 12 போன்றவை பகு எண்கள். பிரியாத 13 போன்றவை பகா எண்கள்.

சிறிய எண்ணை உடனே பிரித்துப் பார்த்துவிடலாம். பெரிய எண்ணாக இருந்தால்? 2-ஐ 67 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழிப்போம். கிடைப்பது 147,573,952,589,676,412,927. மொத்தம் 21 இலக்கங்கள். இது பகு எண்ணா, பகா எண்ணா?

பிரான்சு நாட்டுத் துறவியான மெர்சென், 1644-இல் வெளியிட்ட ஒரு பட்டியலில் இதைப் பகா எண் என்று குறித்தார். பேரறிஞர் சொன்ன சொல் ஆதலால் அது நெடுங்காலம் நிலைத்து நின்றது. 232 ஆண்டுகள் சென்று, 1876-இல் அதே நாட்டைச் சேர்ந்த லூக்கா என்னும் கணித அறிஞர், இது பகா எண் அன்று என்று காட்டினார். ஆனால் எந்த எண்களாகப் பிரியும் என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை.

பிரித்துப் பார்க்காமல் பிரியும் என்று எப்படிச் சொல்வது? சந்தையில் பானை வாங்கும்போது நாம் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? விரிசல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உண்டு என்பதை ஓசை சொல்லிவிடும். அதுபோலப் பகா எண் தவறாமல் தேற வேண்டிய ஒரு சோதனையில் இந்த எண் தேறவில்லை.

அந்த விரிசலின் இடத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணிதச் சங்கக் கூட்டத்தில், அவர் ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் 193,707,721-ஐயும் 761,838,257,287-ஐயும் பெருக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். விடை அதே 21 இலக்க எண்! மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று அவர் பின்னாளில் கூறினாராம்.

அத்தனை காலம் ஏன்? இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் எதுவானாலும், அதில் 1-ஐக் கழித்தால் 134-ஆல் வகுபடும். அத்தகைய எண்களை மட்டும் வரிசையாக எடுத்தாலும், 193,707,721-ஐ எட்டுவதற்குள் 14 இலட்சத்துக்கு மேல் வந்துவிடுகின்றன. நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 8 மணி நேரம் வகுத்தாலும் 8 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கோல் வேறு வழிகளாலும் அவ்வரிசையைச் சுருக்கிக்கொண்டார்.

பிள்ளைகளே, நீங்களும் சிலேட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதைக் கூட்டினால் 10, பின்னர் 1. இரண்டாம் எண்ணுக்கு 64, 10, 1. பெருக்கி வந்த எண்ணுக்கு 109, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே! இது ஒத்துவராவிட்டால் பெருக்கலில் பிழை என்பது உறுதி. ஒத்துவந்தால் மட்டும் சரியென்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இந்த உண்மையை வைத்தே 1977-இல் மூன்று அறிஞர்கள் செய்திகளை மறைத்து அனுப்பும் ஒரு முறையை வகுத்தனர். கோலின் எண்ணை இன்றைய கணினி நொடியில் பிரித்துவிடும். ஆனால் அம்முறையில் இப்போது 600-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்களைப் பயன்படுத்துகிறார்கள்.

பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்குச் சரியாகிவிடாது. பட்டியலில் உள்ள எண்ணானாலும், நம் சம்பளச் சீட்டில் உள்ள எண்ணானாலும், நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். அதற்குத் தாளும் பென்சிலும் பொறுமையும் போதும்.