உங்களுக்குத் தெரியுமா? ஒரே குளிசை, ஆளுக்கு ஆள் வேறு அளவு!

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளையணுக்கள் குறையும்போது, காற்றில் மிதக்கும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குத் தரும் முக்கிய மருந்துகளில் ஒன்று வோரிகொனசோல். இரண்டு பேர் ஒரே அளவு குளிசை குடித்தாலும், இரத்தத்தில் சேரும் மருந்து பல மடங்கு வேறுபடலாம். கல்லீரலில் அதைச் சிதைக்கும் சிவைபி2சி19 என்ற நொதியின் வேகம் பரம்பரையைப் பொறுத்தது. ஆசிய மக்களில் கணிசமானோருக்கு அது மந்தம். சிறுபிள்ளைகளின் உடலோ மருந்தை வெகு வேகமாகச் சிதைத்துவிடும்.

அதனால்தான் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள். லீற்றருக்கு சுமார் 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பூஞ்சை அடங்காமல் போகலாம். 5.5ஐத் தாண்டினால் இல்லாத உருவங்கள் தெரியலாம், குழப்பம் வரலாம். ஈரலும் பாதிக்கப்படலாம். "அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று வீட்டார் கலங்கும் சிலருக்கு, மருந்தின் அளவைக் குறைத்தாலே தெளிவு திரும்பும்.

இரத்தம் எடுக்கும் நேரம் மிக முக்கியம். மருந்து தொடங்கிச் சில நாட்கள் கழித்து, அடுத்த வேளைக் குளிசைக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். ஜிந்துப்பிட்டியிலிருந்து விடியவே மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் புறப்படுபவர்கள், பரிசோதனை நாளில் காலைக் குளிசையை எப்போது குடிப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. குடித்துவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும்.

வோரிகொனசோல் குளிசையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்க வேண்டும். இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகொனசோல் கப்சியூலுக்கோ சாப்பாடு அவசியம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல், இரத்தத்தில் இட்ராகொனசோலின் அளவைக் குறைத்துவிடும்.