ஸ்கிரீனில் எல்லாம் ஓகே... மெஷினில் ஏன் மோதுகிறது? சிஎன்சி சிமுலேஷனை எவ்வளவு நம்பலாம்?

கோவை கணபதி, குறிச்சி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும். "ஸ்கிரீன்ல ஓட்டிப் பாத்துட்டனுங்ணா, எங்கயும் சிவப்பு வரல" என்பார் புரோகிராம் போட்ட இளைஞர். "சரி தம்பி, மொத பீஸை மெதுவாவே ஓட்டு" என்பார் செட்டிங் பார்க்கும் மூத்தவர்.

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூத்தவரின் பேச்சைக் கேட்காமல் முழு வேகத்தில் ஓட்டி, டூல் எதிலாவது மோதினால் டூல் உடையும், காஸ்டிங் வீணாகும், ஸ்பிண்டில் பேரிங் அடி வாங்கும். அதன்பிறகு மெஷின் பழைய துல்லியத்துக்குத் திரும்பும்வரை ஆர்டர் எல்லாம் நிற்கும்.

சிமுலேஷன் எதைப் பார்க்கிறது?

பாகத்தின் 3டி மாடலைப் பார்த்து, டூல் எந்த வழியில் போய் வெட்ட வேண்டும் என்று கணக்கிடுவது 'கேம்' சாஃப்ட்வேர் (விளையாட்டு கேம் இல்லை, உற்பத்திக்கான மென்பொருள்). அந்த வழிதான் டூல்பாத். அதைத் திரையில் ஓட்டிக் காட்டுவது சிமுலேஷன்.

இந்த டூல்பாத் மெஷினுக்கு நேரடியாகப் புரியாது. 'போஸ்ட் புராசஸர்' என்ற பகுதி அதை அந்தந்த மெஷினுக்கேற்ற ஜி-கோடாக மாற்றித் தரும். கேம் சாஃப்ட்வேரில் வழக்கமாகப் பார்க்கும் சிமுலேஷன் பெரும்பாலும் ஓடுவது மாற்றத்துக்கு முந்தைய டூல்பாத்தில். மெஷின் ஓடுவதோ மாற்றிய பிறகு கிடைக்கும் கோடில். நடுவில் நுழைந்த தவறு திரையில் எப்படித் தெரியும்?

ஒரே ஒரு வரி போதும்

ஃபானுக் வகை கன்ட்ரோல்களில் டூலை ஹோமுக்கு அனுப்ப ஜி28 கட்டளை உண்டு. அது நேராக ஹோமுக்குப் போகாது. முதலில் வரியில் குறிப்பிட்ட இடைப்புள்ளிக்குப் போய், அங்கிருந்துதான் ஹோமுக்குப் போகும். ஜி91 (இருக்கும் இடத்திலிருந்து அளப்பது) போட்டு இசட் 0 என்றால், 'இருக்கும் இடத்திலிருந்து பூஜ்யம்', அதாவது நகராமல் அப்படியே மேலே போ என்று பொருள். ஜி91 விடுபட்டு ஜி90 நடப்பில் இருந்தால், அதே வரிக்கு 'பாகத்தின் ஜீரோ புள்ளிக்குப் போய்விட்டு மேலே போ' என்று அர்த்தம்.

ஜீரோவைப் பாகத்தின் அடிப்பக்கம் வைத்திருந்தால்? பாதுகாப்பான உயரத்தில் நிற்கும் டூல், ரேபிட் வேகத்தில் பாகத்துக்குள்ளேயே இறங்கும். நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால் விநாடிக்கு அரை மீட்டர். எமர்ஜென்சி பட்டனை அடிக்கக் கால் விநாடி ஆனாலே 12 செ.மீ. போயிருக்கும். இந்த வரியை எழுதுவது போஸ்ட். அதனால் கேம் திரையில் டூல் அழகாக மேலே போவதுதான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. ரேபிட் நகர்வைத் திரை நேர்கோடாகக் காட்டும். பல மெஷின்களில் ஒவ்வொரு ஆக்சிஸும் தன் முழு வேகத்தில் ஓடி, தன் தூரம் முடிந்ததும் நின்றுவிடும்; வழி வளைந்த முழங்கால் போல இருக்கும். நேர்கோட்டில் தப்பிக்கிற கிளாம்ப் இந்த வளைவில் சிக்கலாம்.

சொல்லாததை அது பார்க்காது

வைஸ், கிளாம்ப், டூல் ஹோல்டர் இவற்றை மாடலில் போடவில்லை என்றால் சிமுலேஷனுக்கு அவை இல்லவே இல்லை. ஹோல்டர் மோதல் சோதனையை ஆன் செய்யாமல் விட்டு 'மோதல் இல்லை' என்று நம்புவது சகஜமாக நடக்கிறது. மெஷினில் டூல் லெங்த் ஆஃப்செட்டையோ ஜி54 மதிப்பையோ தப்பாக அடித்தாலும் திரைக்கு அது தெரியாது.

வெட்டும் விசையும் அப்படித்தான். டூல் வளைவது, அதிர்வது, சிப் அடைத்துக்கொள்வது எல்லாம் வடிவத்தை மட்டும் பார்க்கும் சிமுலேஷனில் வராது. எண்ட் மில் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், அதே விசைக்கு அது ஏறக்குறைய எட்டு மடங்கு வளையும்.

சிமுலேஷனையே சோதிப்பது எப்படி?

பலர் செய்யாத, ஆனால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. சிமுலேஷனுக்கு வேண்டுமென்றே தப்பைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வைஸ் தாடையைப் டூல் போகும் வழியில் தள்ளி வையுங்கள். டூல் நீளத்தை 20 மி.மீ. குறைத்துப் போடுங்கள். பாக்கெட்டின் சுவரில் 0.05 மி.மீ. கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் சத்தம் போட்டு, மூன்றாவதற்கு வாய் திறக்கவில்லையா? சிமுலேஷனின் துல்லிய அமைப்பு 0.1 மி.மீ. போல முரடாக இருக்கலாம். அதற்குக் கீழே நடக்கும் தவறை அது காட்டாது. மூன்றுக்குமே பேசவில்லை என்றால், இத்தனை நாள் வந்த 'ஓகே'க்கு என்ன மதிப்பு என்று யோசிக்க வேண்டியதுதான்.

அடுத்து, போஸ்ட் செய்த ஜி-கோடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். வெரிகட் போன்ற மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. மெஷின், ஃபிக்ஸ்சர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். சின்ன ஷாப்புக்கு விலை கட்டுப்படியாகாது. கேமோடிக்ஸ் போன்ற இலவச மென்பொருள் 3 ஆக்சிஸ் ஜி-கோடை ஓட்டிக் காட்டும். உங்கள் மெஷினின் குணமெல்லாம் அதற்குத் தெரியாது, ஆனாலும் வழி தவறிய வரிகள் பல அதில் கண்ணில் பட்டுவிடும். புது போஸ்ட், புது மெஷின், சாஃப்ட்வேர் அப்டேட் - இந்த மூன்றில் எது வந்தாலும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்வது நல்லது.

மெஷினில் முதல் பீஸ்

பொதுவான ஒர்க் ஆஃப்செட்டில் இசட்டைப் பாகத்தின் உயரத்தைவிட அதிகமாக ஏற்றிவிட்டு ஒருமுறை காற்றில் ஓட்டலாம். பிறகு அதைப் பழைய மதிப்புக்குக் கொண்டுவந்து, சிங்கிள் பிளாக் போட்டு, ரேபிடை 25 சதவீதத்துக்குக் குறைத்து நிஜமாக ஓட்டுங்கள். டூல் பாகத்துக்கு மேலே சுமார் 50 மி.மீ. இருக்கும்போது ஃபீட் ஹோல்டை அழுத்தி, திரையில் 'டிஸ்டன்ஸ் டு கோ' எண்ணைப் பாருங்கள். அந்த வரி டூலைப் பாகத்துக்கு மேல் 2 மி.மீ.க்கு வரச் சொல்கிறது என்றால், மீதித் தூரம் 48-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 80 என்று காட்டினால் ரீசெட்டை அழுத்திவிட்டு ஆஃப்செட் பக்கத்தைத் திறங்க.