காய்ச்சல் போயிற்று, சர்க்கரை வந்ததா?

நீலகிரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மலை ரயில், மலர்க் காட்சி, யூகலிப்டஸ் தைலம், தேயிலை - இவைதானே? அதே மலையில், குன்னூரில், விஞ்ஞானிகள் மதிக்கும் ஸ்தாபனம் ஒன்றும் இருக்கிறது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தயாரிப்பதற்காக 1907-ம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட பாஸ்டர் நிலையந்தான் அது.

1957-ம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு சென்னைத் துறைமுகத்தில் 'ஆசிய ஃப்ளூ'வும் இறங்கியது. சில மாதங்களில் தேசம் முழுவதும் 44 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் படுக்கையில் தள்ளியது. அந்த விஷ ஜுரத்தைப் பற்றி ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னது குன்னூரில் இருந்த இன்புளூயன்ஸா நிலையம்.

அந்தக் காலத்து வீடுகளில் ஜுரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் கஞ்சி, நாலாம் நாள் மிளகு ரசம், தலைக்கு ஜலம் விட்டுக் கொண்டால் நோய் போயிற்று! 2020-ல் வந்த கொரோனாவையும் நம்மில் பலர் அப்படித்தான் கணக்கிட்டோம். அந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் ஊட்டி மலர்க் காட்சியே நின்று போயிற்று. பிறகு பூக்கள் திரும்பின, ஜனங்களும் திரும்பினார்கள், 'கொரோனா போயிற்று' என்று பெருமூச்சு விட்டோம். ஆனால் போகிற போக்கில் அது சிலர் உடம்பில் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். அதுதான் சர்க்கரை வியாதி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜியாத் அல்-அலி என்ற டாக்டரும் அவருடைய சகாவும், கொரோனாவிலிருந்து பிழைத்த 1,81,280 முன்னாள் படை வீரர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை ஆராய்ந்து 2022 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். கொரோனா வராதவர்களை விட, வந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் சர்க்கரை வியாதி வருவது 100-க்கு 40 பங்கு அதிகமாக இருந்தது. '40 பங்கா!' என்று திடுக்கிடாதீர்கள். ஆயிரம் பேரை எடுத்துக் கொண்டால், சாதாரணமாக வரக்கூடியவர்களுக்கு மேல் இன்னும் 13 பேருக்கு வந்தது, அவ்வளவுதான். அந்த வீரர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நோய் கண்டவர்களோ கோடிக்கணக்கானவர்கள். ஆயிரத்துக்கு 13 என்றாலும் மொத்தத்தில் அது பெரிய கூட்டம் அல்லவா?

ஜுரத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுரக்கும் இன்ஸுலின்தான் ரத்தத்திலுள்ள சர்க்கரையை உடம்பின் அணுக்களுக்குள் அனுப்பும் வாசல் திறவுகோல். கடுமையான ஜுரம் வந்தால் உடம்பு கலவரப்பட்டுச் சில ரசாயனங்களைச் சுரக்கிறது. அப்போது திறவுகோல் பூட்டில் சரியாகத் திரும்புவதில்லை. உயிரைக் காப்பாற்றக் கொடுத்த ஸ்டிராய்டு மருந்தும் சர்க்கரையை ஏற்றக் கூடியது. கிருமி கணையத்தையே தாக்கியிருக்கலாம் என்பது சில விஞ்ஞானிகளின் அபிப்பிராயம். இன்னொன்றும் உண்டு: பலருக்குச் சர்க்கரை முன்பே இருந்து, கொரோனாவுக்காக ரத்தம் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. பழியை யார் தலையில் போட்டாலும், வைத்தியம் ஒன்றுதான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1 கோடியே 60 லட்சம் பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். கொரோனா கண்ட முதல் நாலு வாரங்களில் சர்க்கரை வியாதி நாலு மடங்கு அதிகமாகத் தெரிந்தது. பிறகு வெகுவாகக் குறைந்தது. சிலருக்குச் சில மாதங்களில் ரத்தம் பழையபடி சீராகியும் விட்டது. தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களிடம் இந்தத் தொல்லை குறைவாகவே காணப்பட்டது. ஆகையால், அப்போது 'சர்க்கரை' என்று சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் மறுபடியும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். அப்போது ஒன்றும் இல்லாதவர்களும் ஒரு முறை பார்த்துக் கொள்ள வேண்டும்.

"மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்குச் சர்க்கரையாவது, வியாதியாவது!" என்பார்கள். காலை முதல் மாலை வரை சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நடை ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் அது முழுக் கவசம் ஆகாது. குளிருக்கு இதமாகச் சர்க்கரை தூக்கலாக நாலைந்து தடவை டீ, கூடவே வர்க்கி, இரவில் சோறும் உருளைக்கிழங்கும் என்றால் நடந்த நடையெல்லாம் எங்கே போகும்?

மலை வாசத்தில் மற்றோர் ஏமாற்றமும் உண்டு. அடிக்கடி சிறுநீர் போனால் 'குளிர்தானே காரணம்' என்று தோன்றும். களைப்பாக இருந்தால் 'கொரோனா வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று தோன்றும். இரண்டுமே சர்க்கரையின் அறிகுறிகளாக இருக்கலாம். தாகம், காரணமில்லாமல் இளைப்பது, காலில் பட்ட காயம் ஆறாமலிருப்பது - இவையும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100-க்குள் இருந்தால் கவலை இல்லை. 100 முதல் 125 வரை எச்சரிக்கை மணி. 126-ம் அதற்கு மேலும் இரண்டு முறை காட்டினால் சர்க்கரை வியாதிதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் உண்டு, அதில் 6.5-ம் அதற்கு மேலும் வியாதி.

ஆனால் நீலகிரியில் இந்த மூன்று மாதக் கணக்கு சில சமயம் பொய் சொல்லும்! அரிவாள் போல ரத்த அணுக்கள் வளைந்து போகும் பரம்பரை ரத்த சோகை ஒன்று உண்டு. இந்தியாவில் அதை முதன்முதலாகக் கண்டறிந்தது 1952-ல், இந்த நீலகிரியின் பழங்குடி மக்களிடையேதான். அந்த அணுக்கள் சீக்கிரம் அழிந்துவிடுவதால், இருக்கிற சர்க்கரை குறைவாகத் தெரியும். அப்படிப்பட்ட குடும்பத்தினர் டாக்டரிடம் அதைச் சொல்லி, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ரத்தம் பார்ப்பதே சரி.

2023-ல் வெளியான அகில இந்திய ஆராய்ச்சியின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு. பரிசோதனைக்குப் பெரிய செலவும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கவும் வழி செய்யப்பட்டது.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை. மாமியாருக்கு மாத்திரை வேளை தவறாது. கணவருக்கு டீயில் எத்தனை கரண்டி என்று கணக்கு வைப்பீர்கள். குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் தூங்க மாட்டீர்கள். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது! கொரோனா நாட்களில் வீடு முழுவதையும் படுக்க வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, உங்கள் ஜுரத்தை அடுப்படியிலேயே கழித்தவர்கள் நீங்கள். உங்களில் பலருக்கு அது கொரோனாதானா என்றுகூடப் பரிசோதனை நடந்திருக்காது.

ஆகையால் இந்த வாரம் ஒரு நாள், காலைக் காப்பிக்கு முன்னால், வெறும் வயிற்றோடு போய் விரலை நீட்டுங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும். மற்றவர்களை அப்புறம் அழைத்துப் போகலாம், முதலில் நீங்கள்!