களிமண் பேரரசுகள் – 7: கணக்கு நின்ற ஆண்டு

அக்காது சரிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை, தெற்கு மெசபடோமியாவில் அடுத்த பேரரசு எழுந்துவிட்டது. பொ.ஆ.மு. 2112 வாக்கில் உர் நகரத்தில் அதைத் தொடங்கியவர் உர்-நம்மு. இன்றும் ஈராக்கின் நசிரியா அருகே நிற்கும் சிகுராத் கோபுரம் அவர் எழுப்பத் தொடங்கியது. கிடைத்தவற்றுள் மிகப் பழைய சட்டத் தொகுப்பும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஆனால் இந்த வாரம் நாம் பார்க்க வேண்டியது கோபுரத்தையும் சட்டத்தையும் விட்டு, பார்லியை.

ஐந்து மன்னர்கள், நூறாண்டுக்குச் சற்றே அதிகமான ஆட்சி. இந்தச் சிறிய காலத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் களிமண் ஏடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை வரவு செலவு, ரசீது. இன்ன நாளில் இன்ன கிடையில் ஓர் ஆடு செத்தது, தோல் இன்னாரிடம் போனது என்பதுவரை எழுதிவைத்தார்கள். இரண்டாம் மன்னர் ஷுல்கி 48 ஆண்டுகள் ஆண்டவர். எடைக்கற்களைச் சீராக்கி, எழுத்தர்களைப் பழக்கும் பள்ளிகளை வளர்த்தார். வாழும்போதே தன்னைத் தெய்வமாகவும் அறிவித்துக்கொண்டார். தன் 39-ஆம் ஆட்சியாண்டில் நிப்பூர் அருகே புஸ்ரிஷ்-தகான் என்ற பெரிய கால்நடைக் கிடங்கையும் நிறுவினார். அவரது கடைசி ஆண்டுகளில் அங்கே வந்துசேர்ந்த உருப்படிகளைக் கூட்டிக்காட்டும் ஏடு ஒன்று உண்டு. அதில் செம்மறிகள் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல்.

நாட்டின் நடுப்பகுதி மாகாணங்கள் முறைவைத்துத் தங்கள் விளைச்சலில் பங்கைப் பொதுவுக்கு அனுப்ப வேண்டும். எது விளைகிறதோ அது: ஒன்றிலிருந்து பார்லி, இன்னொன்றிலிருந்து நாணலும் மரமும். அதிலிருந்துதான் அரசு படியளந்தது. வேலையாள் ஒருவனுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். லகாஷ் மாகாணத்துத் தறிக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பளி நெய்தார்கள். பிள்ளைக்கு எத்தனை சிலா என்பதும் ஏட்டில் இருக்கிறது. இந்த ஏடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் மன்னர்களிடம் நிற்பதில்லை, அந்த 30 சிலாவிடம்தான் போய் நிற்கிறது. சொந்த நிலம் இல்லாத அத்தனை பேரின் அடுப்பும் தானியப் படகு வந்துசேர்வதை நம்பியே எரிந்தது.

ஐந்தாவது மன்னர் இப்பி-சின் பட்டத்துக்கு வந்தபோது மேற்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. வடமேற்கிலிருந்து மந்தைகளோடு வந்துகொண்டிருந்த மார்த்து மக்களைத் தடுக்க, அவருக்கு முந்தைய மன்னர் ஷு-சின் நீண்ட சுவரே எழுப்பியிருந்தார். சுவர் நின்றது, மக்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அந்த நாட்டில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. மன்னரின் செயல் ஒன்றைச் சொல்லி ஒவ்வோர் ஆண்டுக்கும் தலைநகரம் பெயர் சூட்டும். ஊர்தோறும் எழுத்தர்கள் அந்தப் பெயரை ரசீதின் அடியில் எழுதுவார்கள். எழுதுகிறவரை அந்த ஊர் மன்னருக்குக் கட்டுப்பட்டது. ஆகவே எந்த ஊர் எப்போது விலகியது என்பதை நான்காயிரம் ஆண்டு கழித்தும் ரசீதுகளைக் கொண்டே சொல்ல முடிகிறது. இப்பி-சின்னின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் எஷ்னுன்னாவும் சூசாவும் அவர் ஆண்டுப் பெயரை விட்டன. ஐந்தில் லகாஷ். அடுத்து உம்மா. எட்டாம் ஆண்டு வாக்கில், சுமேரியர்களின் தலைமைக் கடவுள் என்லிலின் ஊரான நிப்பூரிலும் நின்றது. புஸ்ரிஷ்-தகான் கிடங்கு அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. இந்த விலகல்களில் எதற்கும் பெரிய போர் நடந்ததாக ஏடுகள் சொல்லவில்லை.

லகாஷும் உம்மாவும் போனதென்றால் தலைநகரத்தின் தானியக் களஞ்சியமே போனதுபோல. உர் நகரத்தில் பார்லி விலை பல மடங்கு ஏறியது.

இந்த இடத்தில்தான் மாரி நகரத்திலிருந்து வந்த அதிகாரி இஷ்பி-எர்ரா நுழைகிறார். தானியம் வாங்கிவர 20 தாலந்து வெள்ளியோடு மன்னர் அவரை வடக்கே அனுப்பினார். இன்றைய எடையில் ஏறத்தாழ 600 கிலோ. ஒரு சேக்கல் எடை வெள்ளிக்கு ஒரு குர் என்ற விலையில் 72,000 குர் வாங்கியதாக அவர் கடிதம் எழுதினார். ஒரு குர் 300 சிலா. ஆக இரண்டு கோடி லிட்டருக்கும் மேல். மார்த்துகள் நாட்டுக்குள் புகுந்துவிட்டதால் தானியத்தை இசின் நகரத்துக்குள் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், ஏற்றிச்செல்லப் படகுகள் அனுப்புங்கள் என்றும் கேட்டார். இன்னொன்றும் கேட்டார்: இசினையும் நிப்பூரையும் காக்கும் பொறுப்பைத் தனக்கே தர வேண்டும். மன்னரின் பதிலில் கோபம் தெரிகிறது. சேக்கலுக்கு இரண்டு குர் வாங்கிவிட்டு எனக்கு ஒரு குர் கணக்குக் காட்டுகிறாயே என்கிறார். ஆனால் கோபப்படுவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இந்தக் கடிதங்களின் மூலம் நம்மிடம் இல்லை. இருப்பவை பிற்காலத்துப் பள்ளி மாணவர்கள் எழுத்துப் பயிற்சிக்காகப் படியெடுத்தவை. அவற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சேர்க்கை என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வரிக்கு வரி நம்ப நானும் தயாரில்லை. ஆனால் இஷ்பி-எர்ரா இசினில் தனி அரசு அமைத்ததும், பொ.ஆ.மு. 2017 வாக்கிலிருந்து தன் பெயரில் ஆண்டு எழுதவைத்ததும் அவர் காலத்து ஏடுகளே காட்டும் உண்மை.

சரிவுக்கு மண்ணைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. தோர்கில்ட் யாக்கப்சனும் ராபர்ட் ஆடம்ஸும் 1958-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. வடிகால் இல்லாமல் பாய்ச்சிப் பாய்ச்சி நிலத்தடி நீர் மேலே ஏறியது, அதோடு உப்பும் ஏறியது, கோதுமை தாங்காமல் பார்லிக்கு மாறினார்கள், பிறகு பார்லியும் குறைந்தது என்றார்கள். மார்வின் பவல் பின்னாளில் இதைக் கடுமையாக மறுத்தார். தரிசு போட்டு நிலத்தை ஆற்ற அந்த உழவர்களுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். உப்பு ஏறியது உண்மையாகவே இருக்கட்டும். அது தலைமுறைக் கணக்கில் வேலை செய்வது. இப்பி-சின் தன் மாகாணங்களை இழந்ததோ ஏழெட்டு ஆண்டுகளில். அத்தனை வேகத்துக்குக் காரணம் வயலில் இல்லை, அரசு கட்டப்பட்ட விதத்தில் இருந்தது என்பதே என் கருத்து. எல்லா ஊரின் மிச்சமும் ஒரே இடத்துக்குப் போய், அங்கிருந்து பிரிந்து வரவேண்டும் என்ற ஏற்பாட்டில், முதலில் விலகிய ஊருக்கு லாபம். தன் பார்லி தன்னிடமே தங்கும். அதைப் பார்த்த அடுத்த ஊர் ஏன் காத்திருக்கும்?

அப்படியும் இப்பி-சின் 24 ஆண்டுகள் அரியணையில் இருந்தார். கடைசிப் பத்தாண்டுக்கும் மேலாக அவரிடம் இருந்தது பெரும்பாலும் உர் நகரமும் சுற்றுப்புறமுமே. ஆனாலும் ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டுவதை விடவில்லை. 22-ஆம் ஆண்டின் பெயர், தெய்வங்கள் ஏவிய பெருவெள்ளத்தில் ஆட்டம்கண்ட உர் நகரத்தை மன்னர் நிலைநிறுத்திய ஆண்டு என்கிறது. இரண்டு ஆண்டுகளில் கிழக்கே ஏலாம் நாட்டிலிருந்து சிமாஷ்கி மன்னன் கிந்தத்துவின் படை வந்தது. நகரம் சூறையாடப்பட்டது, இப்பி-சின்னைப் பிடித்து ஏலாமிய நகரமான அன்ஷானுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை.

உர் வீழ்ந்ததைப் பாடும் புலம்பல் இலக்கியங்கள் சுமேரிய மொழியில் உண்டு. பசியையும் தெருவில் கிடந்த பிணங்களையும் கல்லும் கரையும்படி சொல்கின்றன. தெய்வங்கள் கைவிட்டதே காரணம் என்பது அவற்றின் முடிவு. இசின் மன்னர்கள் இவற்றைப் போற்றிவளர்த்தது இயல்பே. உர் தெய்வ ஆணையால் வீழ்ந்தது என்றால், தானியத்தை இசினில் நிறுத்திவைத்தவர் மேல் யாரும் பழி சொல்ல முடியாது அல்லவா.

பத்தாண்டுக்கும் மேல் கழித்து, உர் நகரத்தில் தங்கியிருந்த ஏலாமியப் படையை இஷ்பி-எர்ராவே விரட்டினார். அந்த வெற்றியின் பெயரால் அவரும் ஓர் ஆண்டுக்குப் பெயர் சூட்டினார். அவர் வழிவந்தவர்கள் ஷுல்கியைப் போலவே தங்களைத் தெய்வமாக எழுதிக்கொண்டு, சுமேருக்கும் அக்காதுக்கும் மன்னர் என்ற பழைய பட்டத்தையும் சூடிக்கொண்டார்கள். அந்தப் பட்டத்துக்குத் தெற்கே லார்சாவில் ஒரு போட்டியாளர் தலையெடுத்துக்கொண்டிருந்தார். அது அடுத்த வாரம்.