எலுமிச்சைக்கு என்ன வயது?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். மொட்டைமாடியில் 18 தொட்டி. வெயில் காலத்துக்குள் பத்தாகக் குறைத்தாக வேண்டும். குடம் தூக்க முழங்கால் ஒப்பவில்லை. எந்த எட்டை அனுப்புவது என்று கேட்டு, பூக்காதது காய்க்காதது எல்லாவற்றையும் வரிசை போட்டு எழுதியிருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். பட்டியலில் 'வருகை உண்டு, தேர்ச்சி இல்லை' என்று தனியாக ஒரு கட்டமே இருக்கிறது.

பாதிக்கு மேல் சுலபமான கேஸ்கள். பப்பாளியில் நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்குகிறது என்று அவரே எழுதிவிட்டார். அது ஆண் மரம். தோப்பில் 20 பெண் மரத்துக்கு ஒன்று என்று விட்டுவைப்பார்கள். மாடியில் அதற்கு வேலை இல்லை, போகட்டும். ரோஜாவில் ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பிய போத்துதான் இப்போது செடியாக நிற்கிறது. அவர் காசு கொடுத்து வாங்கிய ரோஜா எப்போதோ செத்துவிட்டது. அதுவும் போகட்டும். முருங்கை பெரியகுளத்து பி.கே.எம். 1, விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்க வேண்டிய ரகம். இரண்டு வருடமாகப் பூவே இல்லையென்றால் வேர் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம். தரையில் இடம் இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடலாம். தண்ணீர் டேங்க் நிழலில் நிற்கிற குண்டுமல்லி இருக்கட்டும். வெயிலுக்கு நகர்த்தி, கார்த்திகையில் கவாத்து செய்தால் புதுக் கொழுந்தில் பூத்துவிடும். கறிவேப்பிலையைப் பட்டியலில் சேர்த்ததே அநியாயம்.

சிக்கல் எலுமிச்சையில். சமயபுரத்தில் கையில் கொடுத்த பழத்தின் விதையாம். ஐந்து வருடமாக இலை பளபளவென்று இருக்கிறது, ஒரு மொட்டு இல்லை. பிடுங்க மனம் வரவில்லை, வைத்திருக்கக் காரணமும் கிடைக்கவில்லை. யூடியூபில் சொன்ன அத்தனையும் செய்து பார்த்திருக்கிறார்: எப்சம் உப்பு, வெங்காயத்தோல் தண்ணீர், புளித்த மோரில் பெருங்காயம். துருப்பிடித்த ஆணி அடிக்கச் சொன்னதை மட்டும் பாவம் என்று விட்டுவிட்டார். கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: 'பொங்கலுக்குப் பொங்கல் கவாத்து மட்டும் தவறாமல் செய்துவிடுகிறேன்.'

அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விதையிலிருந்து வரும் மரங்களுக்கெல்லாம் ஒரு பால்ய காலம் உண்டு. அந்தக் காலத்தில் என்ன உரம் போட்டாலும், எப்படி மிரட்டினாலும் பூக்காது. எங்கள் ஊரில் காய்க்காத மரத்தில் பழைய செருப்பைக் கட்டி அவமானப்படுத்துவார்கள்; அதற்கும் அசையாது. நாரத்தை, ஆரஞ்சு, எலுமிச்சை வகையறாவில் இது மிக நீளம், இனத்தைப் பொறுத்து 6 வருடம் முதல் 20 வருடம் வரைகூடப் போகும். நம் சின்ன எலுமிச்சை இந்தக் குடும்பத்தில் அவசரக்காரி. நிலத்தில் நன்றாக வளர்ந்தால் நான்கைந்து வருடத்தில் காய்க்கும். ஆனால் தொட்டி நிலம் அல்ல.

மரத்துக்குத் தன் வயது எப்படித் தெரிகிறது? எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்றுதான் போவேன். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்று ஒரு துணுக்கு இருக்கிறது. நீளம் இருபது எழுத்து சொச்சம். புரதம் எதையும் செய்யாது. அதன் வேலையே தடுப்பதுதான். 'வயசுக்கு வா' என்று செடிக்குச் சொல்லும் எஸ்.பி.எல். என்ற மரபணுக் குடும்பத்தின் செய்திகளை வழியிலேயே மடக்கிக் கிழித்துவிடுகிறது. முளைத்த புதிதில் இந்தத் துணுக்கு ஏராளமாக இருக்கும். ஒவ்வொரு இலையாக விட விடக் குறையும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் எஸ்.பி.எல். செய்திகள் தப்பித்துப் போய்ச் சேரும், பிறகுதான் செடிக்குப் பூக்கும் தகுதியே வரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் போத்திக்கின் குழு 2006-இல் இதை அராபிடாப்சிஸ் என்ற களைச்செடியில் கண்டது. 2011-இல் யூகலிப்டஸ், அகேசியா, ஓக் போன்ற மரங்களிலும் அதே துணுக்கு அதேபோல் இறங்குவதைப் பார்த்தார்கள்.

சுவரில் மாட்டும் தேதி கிழிக்கிற காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தாள்கட்டுதான் அந்தத் துணுக்கு. ஒரு இலை விட்டால் ஒரு தாள் போச்சு. கட்டு மெலிந்து பின்னால் இருக்கும் முருகன் படம் தெரிய ஆரம்பித்தால் கல்யாண வயது. விதை என்றால் புதுக் காலண்டர், தை ஒன்றிலிருந்து தொடங்கியாக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மரத்தில் ஒரே ஒரு காலண்டர் இல்லை, கிளைக்குக் கிளை, மொட்டுக்கு மொட்டு மாட்டியிருக்கிறது. தாள் கிழிவதோ வளர்கிற நுனியில்தான். அடித்தண்டில் ஐந்து வருடத்துக்கு முன் உருவாகித் தூங்கிப்போன மொட்டின் காலண்டரை யாரும் தொடவே இல்லை. அங்கே இன்னும் தை மாதம். உச்சிக் கொழுந்தில் மார்கழி பிறந்துவிட்டது. மனிதருக்கு நேர் எதிர்: மரத்தின் கால் குழந்தை, தலை கிழவன். (ராகு காலம் எந்தக் கிளையில் என்று கேட்டு எழுதாதீர்கள். உவமையை ஏற்கெனவே அளவுக்கு மேல் இழுத்துவிட்டேன்.)

நம்பாதவர்கள் ஊட்டிக்குப் போகும்போது தைலமரத்தைப் பாருங்கள். கன்றில் இலை காம்பில்லாமல் அகலமாக, சாம்பல் பூத்த நீலத்தில், எதிரெதிரே ஜோடியாக இருக்கும். வளர்ந்த மரத்தில் அரிவாள் மாதிரி நீண்டு தொங்கும். அந்தப் பெரிய மரத்தை வெட்டிவிட்டால், அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிரில் திரும்பவும் குழந்தை இலை. மரம் முப்பது வருடம் நின்றது, கட்டைக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது பொங்கல் கவாத்துக்கு வருவோம். மல்லிக்கு வெட்டினால் பூக்கும், ரோஜாவுக்கும் பூக்கும், ஆகையால் எல்லாவற்றுக்கும் பூக்கும் என்கிறது இணையம். மல்லியும் ரோஜாவும் குச்சியிலிருந்தும் ஒட்டிலிருந்தும் வந்தவை. பிறக்கும்போதே வயசுக்கு வந்தவை. விதையில் வந்த எலுமிச்சையின் உச்சியை வெட்டும்போது போவது மார்கழிக் காலண்டர். கீழேயிருந்து துளிர்ப்பது சித்திரையோ வைகாசியோ. அம்மா வருடத்துக்கு ஒருமுறை அதைப் பழைய வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறார், தேர்ச்சி இல்லை என்று கட்டமும் போட்டிருக்கிறார். விதைக்கன்று சீக்கிரம் காய்க்க வேண்டும் என்கிற ஆராய்ச்சிப் பண்ணைகளில் இதற்கு நேர்மாறாக, நுனியைக் கிள்ளாமல், பக்கக் கிளைகளை நீக்கி, கழி கட்டி ஒற்றைத் தண்டாக ஓங்கவிடுவார்கள்.

வரலாறு ஒரு பத்தியாவது வேண்டும் என்பார் ஆசிரியர். ஒரே ஆரஞ்சு விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதை 1719-இல் எழுதிவைத்தார் நுண்ணோக்கிக்காரர் லேவன்ஹூக். 1918-இல் அமெரிக்காவின் ஆரிகனில் கிராஸ், கிரேபில் என்ற இருவர் தக்காளியை வைத்து, பூப்பது மாவுச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்றார்கள். தழைச்சத்தைக் கொட்டினால் இலைதான் வரும் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதற்குப் பெரிய ஆதாரம் அந்த ஆய்வு. வரலாறு போதும்.

லேவன்ஹூக் பார்த்தது நமக்கு உதவுகிறது. எலுமிச்சை விதை ஒன்றை ஈரத்துணியில் முளைக்க வைத்தால் இரண்டு மூன்று நாற்றுகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் பெரும்பாலானவை கருவுறுதல் இல்லாமல் தாயின் திசுவிலிருந்து நேராக வந்தவை, அச்சு அசல் தாயின் நகல். அதே தாய் மரத்தின் கிளையில் பட்டையைச் சீவி, பாசி வைத்துக் கட்டிப் பதியன் எடுத்தால் அதுவும் அதே நகல். மரபணுவில் வித்தியாசம் இல்லை. ஆனால் பதியன் ஒன்றிரண்டு வருடத்தில் பூக்கும், நாற்று வருடக்கணக்கில் காத்திருக்கும். காலண்டர் மட்டும்தான் வேறு. நர்சரியில் இடுப்பு உயர ஒட்டு மாங்கன்று பூத்து நிற்பதும் இதனால்தான். அது பிஞ்சில் பழுத்ததல்ல, தாத்தா அரை டிராயர் போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் விளம்பரக்காரர்கள் நுழைவார்கள், எச்சரிக்கை. இலை தயாரிக்கும் சர்க்கரைதான் அந்தத் துணுக்கைக் குறைக்கிறது என்று 2013-இல் ஆய்வுகள் காட்டின. உடனே வேரில் வெல்லத் தண்ணீர் ஊற்றக் கிளம்பாதீர்கள். எறும்புதான் வரும். கணக்கில் சேர்வது இலை வெயிலில் நின்று சம்பாதிக்கும் சர்க்கரை, அதுவும் காட்டப்பட்டது சிறு செடிகளில். வெயில் குறைந்தால் பால்யம் நீளும் என்பது வரைக்கும் நம்பலாம். மரபணுவை மாற்றி அவசரப்படுத்தவும் முடியும்: ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் லியாண்ட்ரோ பென்யாவின் குழு, பூ உண்டாக்கும் அராபிடாப்சிஸ் மரபணுவை எலுமிச்சைக் குடும்பத்துக் கன்றில் வைத்து முதல் வருடத்திலேயே பூக்க வைத்தது, 2001-இல். அது வந்து இத்தனை வருடமாகியும் உங்கள் தெரு நர்சரிக்கு வரவில்லை.

சரி, ஸ்ரீரங்கத்துத் தொட்டி எந்த மாதத்தில் இருக்கிறது? முள்ளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் குடும்பத்தில் முள் பெரும்பாலும் பால்யத்தின் அடையாளம். இலைக்கக்கத்தில் கிளையாகப் போயிருக்க வேண்டிய மொட்டு, வளர்ச்சி நிறுத்தப்பட்டு முள்ளாக முடிகிறது. அதை நிறுத்தும் இரண்டு மரபணுக்களை யேல் பல்கலைக்கழகத்தார் 2020-இல் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் முடக்கினார்கள். முள் வர வேண்டிய இடத்தில் கிளை வந்தது. மரம் முதிர முதிர முள் குட்டையாகும். எலுமிச்சையில் முழுக்க மறையாது, அதனால் இது துல்லியமான தராசு அல்ல. ஆனாலும் என் வீட்டு ஏழு வயது விதைமரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர், சட்டையைக் கிழிக்கும். தலைக்கு மேல் அரிசி நீளம்கூட இல்லை. போன பங்குனியில் அந்த உச்சியில்தான் நான்கு பூ வந்தது. மூன்று உதிர்ந்தது.

அவர் மாடியில் உச்சியிலும் நீள முள்தான் என்றால், கத்தரிக்கோலை ஒளித்துவைத்து, பெரிய தொட்டியில், நல்ல வெயிலில் இன்னும் இரண்டு மூன்று வருடம். முள் குட்டையாகியிருந்தால் இந்த வருடமே ஒரு முயற்சி: இலை லேசாகச் சுருளும் வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு நிறைய விடுவது. வயசுக்கு வந்த மரத்தைப் பூக்கத் தூண்டுவது நம் ஊரில் இந்த வாட்டம்தான். குழந்தைக்கு இதைச் செய்தால் இலைதான் கொட்டும். பழம்தான் முக்கியம் என்றால் பதியன் கன்று ஒன்று வாங்கி அந்த இடத்தில் வைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சமயபுரம் என்று எழுதியவர் அதைச் செய்யமாட்டார் என்று தோன்றுகிறது.

அதுவரைக்கும் அந்த மரத்தால் ஒன்றுமே இல்லையா என்றால், வேப்பிலைக்கட்டி இருக்கிறது. பெயரில்தான் வேப்பிலை; உள்ளே போவது எலுமிச்சை, நாரத்தை இளந்தளிர், மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு. நரம்பை உருவிவிட்டு இடித்து உருட்டினால் மோர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். தளிர் பறிக்கும்போது பக்கக் கிளையில் பறியுங்கள் அம்மா, உச்சிக் கொழுந்தை மட்டும் தொடாதீர்கள்.