காக்கையையும் எழுதுங்கள்

பறவை பார்க்கப் போகிறேன் என்றால் "கூந்தன்குளத்துக்கா டீச்சர்?" என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்குப் பறவை என்றாலே கூந்தன்குளம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை என்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொள்ள நிறையவே உண்டு. நானும் போவேன். ஆனால் என் நோட்டின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பவை வேறு இடங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்து வேப்பமரங்கள், புதிய பஸ் நிலையத்தை ஒட்டிய வேய்ந்தான்குளத்துக் கரை.

அபூர்வமான பறவை ஒன்றைத் தேடிக் கேமராவோடு ஊர் ஊராகப் போவது ஒரு ரகம். இருக்கும் இடத்தில் இருந்தபடி, வருவதையெல்லாம் பார்த்து எழுதி, அதை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது இன்னொரு ரகம். முதல் ரகத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதுக்குத்தான் இன்று ஆள் போதவில்லை.

வேய்ந்தான்குளத்தையே எடுத்துக்கொள்வோம். பஸ் ஏற ஓடுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. தண்ணீர் கிடக்கும் மாதங்களில் நடுக்குளத்தில் நாமக்கோழிகள் மிதக்கும். கரிய உடம்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. முக்குளிப்பான் கண்ணெதிரே முங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் எழும். ஓரச் சேற்றில் அரிவாள் மூக்கன். மடையான் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கும்போது சேறும் அதுவும் ஒரே நிறம். பக்கத்தில் போனாலும் தட்டுப்படாது. பறக்கும் நொடியில் இரண்டு இறக்கையும் வெள்ளை வெளேரென்று விரிந்துவிடும். கால் மணி நேரம் நின்றால் இவ்வளவும் கிடைக்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. வாங்குகிறவர்கள் 8×42 என்று போட்டிருப்பதை வாங்கலாம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர். இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பள்ளிக்கூடத்துக்கு நான் அதை எடுத்துப் போவதே இல்லை.

பள்ளியில் பிள்ளைகளுக்கு எல்லாம் காதால்தான் தொடங்கியது. "டொக்... டொக்... டொக்" என்று விடாமல் கேட்ட சத்தத்தைப் பக்கத்துப் பட்டறையில் தகரம் அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். அரசமரத்து உச்சியில் உட்கார்ந்திருந்த செம்மார்புக் குக்குறுவானைக் காட்டியதிலிருந்து, பாடம் நடக்கும்போதும் ஏதாவது ஒரு காது ஜன்னல் பக்கம் இருக்கிறது. நான் கண்டுகொள்வதில்லை.

ஒருமுறை அக்டோபர் கடைசியில், காலை மணி அடிப்பதற்கு முன்பே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "டீச்சர், கலர் கலரா ஒரு குருவி கெடக்கு. பறக்கவே மாட்டேங்கு."

வராந்தா ஓரத்தில் உட்கார்ந்திருந்தது ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, மார்பு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, இறக்கையில் ஒரு நீலத் துண்டு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு குட்டை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில்தான் பயணம். விடியும்போது களைத்துப்போய், நகர விளக்குகளிலும் கண்ணாடிகளிலும் குழம்பி, இப்படி வீட்டு வாசலிலும் மாடிப்படியிலும் வந்து விழும். அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டு நகரங்களில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் மெதுவாக விட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் இருட்டில் வைத்தோம். தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சோறோ பிஸ்கட்டோ ஊட்டக் கூடாது. தொட்டுப் பார்க்கவும் படம் எடுக்கவும் கூட்டம் கூடக் கூடாது. ஓய்வுதான் மருந்து, காயம் தெரிந்தால் மட்டும் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் புதர் ஓரமாகப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு தத்து தத்தி, செடிகளுக்குள் புகுந்து போய்விட்டது.

அன்றிரவு நாளும் இடமும் போட்டு எங்கள் பறவைக் குழுவில் எழுதினேன். அதே வாரத்தில் மதுரையிலிருந்து ஒருவர், சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒருவர் என்று இதே பறவையின் படங்கள் வந்தன. ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் நடந்தது தனிச் செய்தி. நாலு ஊர்த் தேதிகள் சேர்ந்தால் ஒரு வலசையின் பாதை தெரிய ஆரம்பிக்கிறது. பகிர்வதன் பலனை அந்த வாரம் எங்கள் பிள்ளைகள் நேரிலேயே பார்த்தார்கள்.

பகிர்வதற்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. இன்று போட்ட படம் நாளை நூறு காலை வணக்கத்துக்கு அடியில் போய்விடும். பதிவு நிலைத்து நிற்க இ-பேர்ட் என்கிற இலவச இணையத் தளம் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது. இந்தியாவில் 'பேர்ட் கவுண்ட் இந்தியா' என்கிற கூட்டமைப்பு இதைப் பரப்பிவருகிறது. எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், என்னென்ன பறவை, எத்தனை என்று எழுதி அனுப்பினால் முடிந்தது. அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா?

கணக்கு வாத்தியாராக எனக்கு இந்த ஒரு கேள்வியின் மேல் தனிப் பிரியம். பத்துப் பேர் பனங்காடையைப் பார்த்ததாகச் சொன்னால் அது வெறும் பத்து. ஒரு மாவட்டத்தில் நூறு முழுப் பட்டியல்கள் இருந்து, அவற்றில் இருபதில் பனங்காடை இருக்கிறது, எண்பதில் இல்லை என்றால் அது விகிதம். பத்து வருஷம் கழித்து அதே மாவட்டத்தில், அதே நூற்றுக்கு எட்டில்தான் இருக்கிறது என்றால், ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பறவை இருந்ததைச் சொல்வது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அது இல்லாததைச் சொல்வதும். காக்கை, மைனா, புறாவையெல்லாம் எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டால் இந்த விகிதமே போட முடியாது. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்வேன்: காக்கையையும் எழுதுங்கள்.

இப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல உறுதியான பதில் இருக்கிறது. 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 2020இலும் 2023இலும் வந்தது. இரண்டாவது அறிக்கைக்கு அடிப்படை 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அனுப்பிய 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். 942 வகைப் பறவைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன. பனங்காடையும் அந்தக் குறைந்த கூட்டத்தில்தான். பனைமரமும் தந்திக்கம்பியுமான எங்கள் தென்சீமையில், பறக்கும்போது நீல இறக்கையை விரித்துக் காட்டும் இந்தப் பறவை இல்லாத சாலையே இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் பாதுகாப்பு நிலையை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது. மயிலோ பெருகியிருக்கிறது; நம் விவசாயிகளைக் கேட்டால் அறிக்கை இல்லாமலே சொல்வார்கள். சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறோம். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது 2020 அறிக்கை. சிட்டுக்குருவியைச் சாதாரணப் பறவை என்று ஒதுக்காமல் ஆயிரக்கணக்கானோர் எழுதிவைத்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

எண்ணிக்கை போடுவதற்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. கூட்டமாகப் பறந்தால் எப்படி எண்ணுவது? சூறைக்குருவி இதற்கு நல்ல பயிற்சி. மத்திய ஆசியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் ரோஜா நிற மைனா அது. ஜனவரி மாலைகளில் சீவலப்பேரி சாலையில் நின்றால், அடைவதற்காக உடைமரங்களை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போகும். முதலில் பத்து பறவையை எண்ண வேண்டும். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படிப் பத்து சேர்த்து ஒரு நூறு. அந்த நூறை அளவாக வைத்துக் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டே போகலாம். ஒரு மாலை அப்படி 2,500 என்று போட்டு அனுப்பினேன். இந்த அளவு வழக்கத்தை மீறுகிறது, எப்படி எண்ணினீர்கள் என்று சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் மரியாதையாக எழுதிக் கேட்டார். எண்ணிய முறையையும் செல்போனில் எடுத்த படத்தையும் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். இப்படிக் கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள். கேட்க ஆள் இருப்பதால்தான் அந்தப் பதிவுகளை விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தபால்காரர் இருக்கிறார், மருந்துக்கடை அண்ணாச்சி இருக்கிறார், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "எங்க தெருவுல கழுகு வந்திருக்கு" என்று அண்ணாச்சி ஒருநாள் படம் போட்டார். கரும்பருந்து. யாரும் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வாலைப் பாருங்க, நடுவுல உள்வாங்கி மீன்வால் மாதிரி இருக்கா? அப்படின்னா கரும்பருந்து" என்று பதில் போட்டாள் ஒரு மாணவி. இப்போது பருந்தையும் செம்பருந்தையும் வல்லூறையும் பிரித்துச் சொல்வது அவர்தான். படம் இல்லாமல் கேட்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே: மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, வாலை ஆட்டியதா, தரையில் இருந்ததா மரத்திலா. நிறத்தைக் கடைசியாகத்தான் கேட்போம். வெயில் நிறத்தை மாற்றிக் காட்டிவிடும்.

குழுவில் சில விஷயங்களில் மட்டும் நாங்கள் கண்டிப்பு. கூட்டின் படம் போடக் கூடாது. நல்ல படத்துக்காக மறைவு இலைகளை ஒதுக்கிவிட்டால் குஞ்சுகள் வெயிலிலும் காக்கையின் கண்ணிலும் படும். நாம் நிற்கும் நேரமெல்லாம் தாய் இரை கொண்டுவராமல் தூரத்தில் தவிக்கும். ஆந்தை அடையும் இடத்தைச் சொல்லக் கூடாது; மாந்திரீகத்துக்கு என்று பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கக் கூடாது. எல்லைச் சண்டைக்கு எதிரி வந்துவிட்டது என்று நம்பி, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும். பகிர்வதில் எதைப் பகிராமல் இருப்பது என்பதும் சேர்ந்ததுதான்.

சாதாரண மக்கள் பார்த்துப் பழகிய பறவைகளுக்கு அந்த மக்களே காவலான கதையும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கும் நாரையும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2005 பிப்ரவரியில் அந்த இடம் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான்.

ஒரு குறை மட்டும் மனதில் உறுத்துகிறது. பதிவுகள் பெரும்பாலும் நகரங்களையும் பெயர்பெற்ற சரணாலயங்களையும் சுற்றியே குவிகின்றன. வயக்காட்டு நடுவே, கண்மாய்க் கரையில், தேரிக்காட்டில் தினமும் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எழுதுவதில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருக்கு ஆள்காட்டி எந்தத் தரிசில் முட்டை இட்டிருக்கிறது என்று தெரியும். அவருடைய பேத்தியிடம் செல்போன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

தொடங்குவதற்கு நாள் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகம் முழுவதும் நடக்கும் பெரும் கொல்லைப்புறக் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் கலந்துகொள்கிறது. கட்டணம் கிடையாது, தேர்வு கிடையாது. உங்கள் வீட்டு மாடியோ கிணற்றடியோ போதும். 15 நிமிடம் நின்று, தெரிந்த பறவைகளை எல்லாம், ஒன்றுவிடாமல், எண்ணிக்கையோடு எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாததை விட்டுவிடுங்கள். அடுத்த முறை தெரிந்திருக்கும்.