ஈரமுள்ள நிலத்திலும் பயிர் வாடுவதேன்?

பாத்தியில் ஈரம் இருக்கின்றது. வேரிலே புழுவுமில்லை, அழுகலுமில்லை. எனினும் முதல்நாள் பசளையிட்ட மிளகாய்க் கன்றுகள் நண்பகலில் தலைசாய்ந்து நிற்கின்றன. பசளை போதவில்லைப் போலும் என எண்ணி மேலும் ஒரு பிடி இடுவோரும் உளர். அவ்வாறிடின் எஞ்சிய கன்றுகளும் அழியும். அவை பசியால் வாடவில்லை, நீர்வேட்கையால் வாடுகின்றன. ஈரத்தின் நடுவே நிற்கும் பயிருக்கு நீர்வேட்கை உண்டாவது எவ்வாறு என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நீர் செல்லும் வழி

அரிந்த பாகற்காயில் உப்புத்தூளைத் தூவிச் சிறிதுநேரம் வைத்தால், நீர் கசிந்து துண்டுகள் துவண்டுவிடுவதை வீட்டிலே கண்டிருப்பீர்கள். வயலில் நிகழ்வதும் இதுவே.

பயிரின் உடல் மிக நுண்ணிய கலங்களால் ஆயது. கலத்தினுள்ளே சீனியும் உப்புக்களும் கரைந்த சாறு உண்டு. அதனைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு நீரை எளிதிற் செல்லவிடும். கரைந்த பொருள்களை எளிதில் விடாது. இத்தகைய சவ்வினூடாக, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு நீர் செல்லும். இதனைப் பிரசாரணம் என்பர்.

நல்ல நிலத்தில் மண்நீரினும் வேர்க்கலச்சாறு செறிவானது. ஆகவே நீர் வேரினுள் நுழைகின்றது. கலங்கள் காற்றடைத்த சைக்கிள் ரியூப்பைப் போல விறைத்து, இலையையும் இளந்தண்டையும் நிமிர்த்துகின்றன. மண்நீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்சுவது குறைந்து வளர்ச்சி குன்றும். மண்நீர் கலச்சாற்றிலும் செறிவானால் நீர் வேரினின்றும் வெளியேறும். கலத்தின் உட்பொருள் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். இதுவே முதலுருச்சுருக்கம். காலந்தாழ்த்தாது நன்னீர் கிடைத்தால் கலம் மீளும். நெடுநேரம் சென்றால் இறக்கும்.

உப்பு வரும் வழிகள்

யூரியா போன்ற எளிதிற் கரையும் பசளையை அடித்தண்டருகே குவித்து இடுவது ஒரு வழி. மற்றொன்று கடல். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் புகுந்த கரையோர வயல்கள் அதன் கேட்டினைக் கண்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணக்கல்லினுள் மழைநீர், தன்னிலும் பாரமான உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கோடையில் அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். அந்நீரைப் பாய்ச்சினால் வெயிலில் நீர் ஆவியாகும். உப்போ மண்ணிலே தங்கும்.

எல்லாப் பயிரும் உவரை ஒருங்கே தாங்குவதில்லை. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு எத்தனை டெசிசீமனைக் கடந்தால் விளைவு குறையத் தொடங்கும் என்பதைக் கீழே காண்க:

போஞ்சி – 1.0
வெங்காயம் – 1.2
மிளகாய் – 1.5
தக்காளி – 2.5
நெல் – 3.0
பீற்றூட் – 4.0

செய்யவேண்டியவை

1. பசளையைப் பல தடவைகளாகப் பிரித்து, தண்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் விலக்கி, ஈரமண்ணில் இட்டு மூடி நீர்பாய்ச்சுக. உலர்ந்த மண்ணில் இடற்க.

2. பசளையிட்டபின் கன்றுகள் வாடினால் மேலும் பசளையிடாது, உடனே நன்னீரை நிறையப் பாய்ச்சி, மிகுந்த உப்பை வேருக்குக் கீழே கழுவிவிடுக.

3. உவர் வயலில் மழைநீரை வரம்புகட்டித் தேக்கிப் பின் வடித்துவிடுக. வடிகால் இல்லையேல் உப்பு வெளியேறாது.

4. நெல்லின் இளநாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உவரால் மிகவும் தாக்குறும். ஆகவே உவர் வயலில் முதிர்ந்த நாற்றை நடுக; வயலைக் காயவிடாதீர். அட் 354 போன்ற உவர்தாங்கும் இனங்களை நாடுக.

5. விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதரை நீக்கியவுடன், நல்ல நெல்லை நன்னீரில் இருமுறையேனும் கழுவுக.

6. தோட்டத்தில் வைக்கோலாலோ இலைகுழையாலோ மண்ணை மூடுக. உவர்நீரை இலைமேற் தெளிக்காதீர்.

7. கிணற்றை வற்ற இறைக்காதீர். நீர் உவர்க்கத் தொடங்கினால் இறைப்பைக் குறைத்து, மண்ணையும் நீரையும் பரிசோதிக்க உமது பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.

ஈரமுள்ள பாத்தியில் பயிர் வாடக்கண்டால், பசளைப் பையை எடுக்குமுன் ஒருபிடி மண்ணை எடுத்து ஆராய்வீராக. அம்மண்ணின் நீர் பயிருக்கு உதவுகின்றதா, பயிரின் நீரைப் பறிக்கின்றதா என்பதை அறிந்தபின்னரே பசளையிடுதல் நன்று.